மைனி வீட்டு நெத்திலி

அம்மா பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏலே, இது என்னது? குளத்துப் பாசிய அள்ளிப் போட்ட மாரி கெடக்கு. இதையா பிள்ள பெத்தவளுக்குக் குடுக்காவ?"

பூசான் நகரத்தில் என் தங்கச்சி வீட்டு அடுப்படி. 2024 ஏப்ரல். சென்னையில் ஏறி, நடுவில் ஒரு விமானம் மாறி, கிம்ஹே விமான நிலையத்தில் இறங்கி, அந்தப் பதினோராவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தை பிறந்து இருபது நாள். அம்மா பேத்தியைப் பார்த்தாள், மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள், முகம் கழுவினாள், நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து வழக்கம். அது நடக்கவில்லை என்பதால் தாய் வீடே மூன்று பெட்டிகளில் கிளம்பி வந்திருந்தது. கருப்பட்டி, உளுந்தமாவு, சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய். ஆனால் அடுப்பில் ஏற்கெனவே ஒரு பானை ஏறியிருந்தது. பானைக்குச் சொந்தக்காரரான தங்கச்சியின் மாமியார் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது சூப்பும்மா. கடல்பாசி சூப்பு."

"பாசின்னுதானல நானும் சொன்னேன்," என்றாள் அம்மா.

அம்மாவுக்குப் பானை பிரச்சினை. எனக்கு வேறொரு பிரச்சினை இருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பானைக்கு வருகிறேன்.

தங்கச்சி முனைவர் பட்டத்துக்காகக் கொரியா போனவள். 2020இல் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ போட்டாள். அவளும் ஒரு கொரியப் பையனும். "இவரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். உங்க எல்லாரோட ஆசீர்வாதமும் வேணும்." குழுவில் 43 பேர். பெரியப்பாக்கள், சித்திகள், அத்தைகள், அவர்களின் பிள்ளைகள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா 2014இல் போய்விட்டார். வீட்டின் பதில் என்று ஒன்று இருந்தால் அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். தங்கச்சியும் காத்திருந்திருப்பாள்.

நான் ஒரு மீம் போட்டேன். வடிவேலு படம். மாப்பிள்ளை ஊரில் விருந்து என்றதும் தெருநாய்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி. பதினேழு பேர் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் "அவர் வெளியேறினார்" என்று ஒரு வரி வந்தது.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். எதிர்த்திருந்தால் அவள் சண்டை போட்டிருக்கலாம். என்ன சொல்வது என்று தெரியாத இடத்தில் ஒரு ஜோக்கைப் போட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் பூசானில் கல்யாணம். கொரோனா எங்களுக்கு நல்ல சாக்கு. ஜூமில் கைதட்டினோம். அதற்குப் பிறகு நானும் அவளும் அம்மாவின் பிரஷர் மாத்திரை பற்றிப் பேசினோம், வீட்டு வரி பற்றிப் பேசினோம். அந்த மீமைப் பற்றிப் பேசவில்லை.

இதே குழுவில்தான் மாசத்துக்கு ஒரு முறை அந்தப் பழைய ஃபார்வர்டும் வரும். தமிழ் இளவரசி கொரியாவை ஆண்ட கதை. மூலம் என்னவென்றால், 13ஆம் நூற்றாண்டில் இல்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சாம்குக் யூசா' என்ற நூல். 'ஆயுத' என்ற நாட்டிலிருந்து ஹோ ஹ்வாங்-ஒக் என்ற இளவரசி கி.பி. 48இல் கடல் வழியாக வந்து கயா நாட்டு அரசன் சூரோவை மணந்தாள் என்று அதில் இருக்கிறது. ஆயுத என்றால் அயோத்தி என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இல்லை, நம் தென்கடற்கரை என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். அவளுடையது என்று சொல்லும் கல்லறை கிம்ஹேயில் இருக்கிறது, நாங்கள் இறங்கிய விமான நிலையம் பெயர் வாங்கிய அதே ஊர். கூடவே அம்மா, அப்பா என்று அவர்களும் சொல்கிறார்கள் பார் என்பார்கள். குழந்தை வாயில் முதலில் வருவதே ம, ப மாதிரியான ஒலிகள்தான். உலகத்தில் பாதி மொழிகளில் அப்பா அம்மாவுக்கு அந்த ஒலிகளில்தான் பெயர் இருக்கிறது. அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. ஆனால் என்னை உறுத்தியது மொழியியல் இல்லை. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கப்பலில் போன பெண்ணுக்குக் கைதட்டிய அதே 43 பேர், விமானத்தில் போன எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, பானை.

அந்தச் சூப்பின் பெயர் மியோக்குக். காய்ந்த மியோக் பார்க்கக் கறுப்புச் சருகு மாதிரி ஒரு கைப்பிடிதான் இருக்கும். தண்ணீரில் போட்டால் பாத்திரம் நிறைய விரிந்து, பச்சையாகி, வழவழவென்று ஆகிவிடும். அதை எள் எண்ணெயில் மாட்டிறைச்சியோடு வதக்கி, தண்ணீர் விட்டு, சூப்புக்கென்றே இருக்கும் சோயா சாஸும் பூண்டும் போட்டுக் கொதிக்க விடுவார்கள். பூசான் கடற்கரை ஊர் என்பதால் சில வீடுகளில் இறைச்சிக்குப் பதிலாக மீனோ சிப்பியோ போடுகிறார்கள். குட்டி போட்ட திமிங்கலம் கடல்பாசி தின்பதைப் பார்த்து மனிதர்களும் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில் இதுதான். பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இதையே குடிக்கும். அன்றைக்கு வலி பட்டவள் குடித்த சூப் என்பதால்.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து உளுந்தங்களி கிண்டி வைத்துவிட்டாள். ஆறு மணிக்கு மாமியார் எழுந்து வந்து பாசியை ஊறப்போட்டார். ஏழு மணிக்குத் தங்கச்சி முன்னால் இரண்டு கிண்ணம். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், சிரித்தபடி.

மூன்று நாள் அவள் இரண்டையும் சாப்பிட்டாள். நாலாவது நாள் கிண்ணத்தைப் பார்த்து அழுதாள். "அண்ணே, எனக்கு ஒரு தோசை போதும்ணே." குழந்தையின் டாக்டர் வேறு பாசியில் அயோடின் அதிகம், ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும் என்று சொல்லியிருந்தார். அதை மாமியாரிடம் சொல்லும் தைரியம் மகனுக்கும் இல்லை, மருமகளுக்கும் இல்லை.

ஆனால் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. காற்று. பிள்ளை பெற்ற உடம்பில் வாடைக்காற்று பட்டால் சன்னி கண்டுவிடும் என்பது அம்மாவின் மருத்துவம். அந்த உடம்பில் காற்று புகுந்தால் மூட்டு மூட்டாக வலி நிற்கும் என்பது மாமியாரின் மருத்துவம். அவர்கள் மொழியில் அந்த நோய்க்கே 'பிரசவக் காற்று' என்றுதான் பெயர். கொரிய வீடுகளில் தரைக்கு அடியில் சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும். ஏப்ரலில் அதையும் போட்டு, ஜன்னலையும் சாத்தி, அவளுக்கு சாக்ஸும் மாட்டிவிட்டார்கள். அம்மா தன் பங்குக்குக் காதில் பஞ்சு வைத்தாள். நானும் மாப்பிள்ளையும் பனியனோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருநாள் தங்கச்சி ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். ஹாலின் இரண்டு மூலைகளிலிருந்தும் இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் ஓடி வந்து சாத்தினார்கள். சாத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அம்மா அன்றைக்குச் சொன்னாள்: "அந்தம்மா வெவரமான ஆளுதாம்ல."

அப்போதும் 'அந்தம்மா'தான்.

மாலையில் மாப்பிள்ளை என்னை வெளியே கூட்டிப்போவார். எனக்குப் பன்னிரண்டு நாள் லீவு. அந்தப் பன்னிரண்டு நாளில் நான் சாப்பிட்ட மாதிரி வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. நாம்போ பக்கம் தெருக்கடையில் ஹோத்தோக்; நெய்யப்பம் மாதிரி எண்ணெயில் பொரித்து, வயிற்றைக் கீறி, சூரியகாந்தி விதையும் சர்க்கரையும் அள்ளித் திணித்துக் கொடுப்பார்கள். குச்சியில் மடித்துக் குத்திய மீன் அப்பளம் போன்ற ஒமுக். அது மிதக்கும் சாற்றைப் பேப்பர் கப்பில் நாமே எடுத்துக் குடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. மில்மியோன் என்று ஒரு குளிர்ந்த நூடுல்ஸ். 1950இல் போர் வந்தபோது வடக்கிலிருந்து ஓடிவந்த ஜனம் பூசானில்தான் குவிந்தது. அவர்கள் ஊரில் குளிர் நூடுல்ஸ் மரக்கோதுமையில் செய்வது. இங்கே அது கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதில் செய்தார்கள். இன்றைக்கு அதுதான் பூசானின் பெருமை. கிண்ணத்தில் பனிக்கட்டித் தூள் மிதக்க, மேலே சிவப்பு மிளகாய் விழுதோடு வரும். மிளகாய் நமக்கும் வந்தேறி, அவர்களுக்கும் வந்தேறி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி இரண்டு ஊர் நாக்கையும் பிடித்துக்கொண்டது. என்ன, அவர்கள் மிளகாய்த்தூளில் நிறம் அதிகம், காரம் குறைவு. அம்மா ஒரு சிட்டிகை வாயில் போட்டுவிட்டு, "குங்குமம் மாரில்லா இருக்கு," என்றாள். சியோங்யாங் என்ற பச்சை மிளகாயைக் கடித்த பிறகுதான் அவர்கள் மேல் மரியாதை வந்தது.

ஒரு நாள் ராத்திரி சோமியோன் மார்க்கெட் சந்தில் குக்பாப் கடைக்குப் போனோம். எலும்பை வெள்ளையாகும்வரை கொதிக்கவைத்த சாறு, அதில் சோறு, மெல்லிசாக அரிந்த இறைச்சித் துண்டுகள். உப்புக்குப் பதிலாக, ஊறவைத்த கூனிறால். நான் மெனு பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொரிய எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்ததால் சும்மா படித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"கவலைப்படாதீங்க அண்ணா. இது பன்றி."

அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குக் காது சுட்டது. இவருக்குத் தெரியும். நாலு வருஷமாகத் தெரியும்.

அந்த வருஷம் ஜனவரியில்தான் கொரிய நாடாளுமன்றம் நாய் இறைச்சி வியாபாரத்தைத் தடை செய்து சட்டம் போட்டிருந்தது. 2027இலிருந்து அமலுக்கு வரும். தின்பவர்கள் ஏற்கெனவே குறைந்துபோயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் தொட்டதே இல்லை. இதையெல்லாம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தொட்டிருந்தாலும் என் மீம் அதே மீம்தான். ஒருத்தன் தட்டைக் காட்டி அவனை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிற வேலை அது. எனக்கு அது தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்துவிட்டாள். ஆபீஸ் மைக்ரோவேவில் சுடவைத்தேன். ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருடா இங்க பிணத்த எரிக்கிறது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டப்பா என்னுடையது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று, சாப்பிடாமல் குப்பையில் கொட்டினேன். வீடு பார்க்கப் போன இடங்களில் "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்பார்கள். முட்டை மட்டும் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அம்மா என்னோடு வந்து இருக்கும்போதெல்லாம் கருவாடு வறுக்க மாட்டாள். "எதுக்குப்பா, பக்கத்து வீட்ல சொல்லுவாவ." இப்படி மூக்கைப் பொத்திக்கொண்டவர்களுக்கு நடுவில் வளர்ந்தவன்தான், சந்தர்ப்பம் வந்ததும் இன்னொருவரின் சோற்றைப் பார்த்து மூக்கைப் பொத்தினான்.

குக்பாப் ருசியாகத்தான் இருந்தது. கிண்ணத்தைக் காலி செய்தேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

எட்டாவது நாள் மாமியார் எங்களைக் கிஜாங்குக்குக் கூட்டிப்போனார். பூசானுக்கு வடகிழக்கே கடலோர ஊர். பாசிக்கும் நெத்திலிக்கும் பேர்போனது. மாப்பிள்ளை குழந்தையோடு வீட்டில் இருந்துவிட, நாங்கள் மூன்று பேரும் ரயிலில் போனோம். என் போனில் மொழிபெயர்ப்புச் செயலி. தொழில் முறையில் நான் நம்பும் சமாச்சாரம் அது. ஆனால் அம்மாவின் திருநெல்வேலிச் சீமைப் பேச்சில் அது படுத்துவிட்டது. "அவிய காலையில சாப்ட்டாவளான்னு கேளு" என்று அம்மா சொன்னதை அது என்னவாக்கியதோ, மாமியார் தன் முழங்காலைத் தடவிக் காட்டி, வலிக்கிறது என்று சைகை செய்தார். அம்மா தன் முழங்காலைத் தடவிக் காட்டினாள். மிச்சப் பயணம் முழுக்க முட்டிவலிதான் பேச்சு.

தேபியொன் துறைமுகத்தில் நெத்திலிப் படகுகள் வந்திருந்தன. வசந்த காலம்தான் அங்கே சீசன். ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று நீளமான வலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே குரலில் தாளம் போட்டு உதறுகிறார்கள். ஒவ்வொரு உதறலுக்கும் வலைக்கண்ணில் சிக்கிய மீன் வெள்ளியாகத் தெறித்து மேலே போய் விழுகிறது. அவர்கள் முகமெல்லாம் செதில். தலைக்கு மேலே கடல்காக்கைகள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் பிறந்த ஊரும் கடற்கரைதான். சின்ன வயசில் மணலில் காயும் கருவாட்டுக்குக் காக்கை விரட்டக் காவல் இருந்தவள். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

மார்க்கெட்டில்தான் வாயைத் திறந்தாள். ஒரு கடை முழுக்க அட்டைப் பெட்டிகளில் காய்ந்த நெத்திலி. நகக்கண் அளவு பொடி, பொரிக்க, நடுத்தரம், குழம்புக்கு, விரல் நீளம், சாறு எடுக்க. கொரியர்கள் அதை மியோல்ச்சி என்கிறார்கள். அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். கடித்தாள்.

"நம்மூரு நெத்திலில்லா! அவிச்சுக் காயப்போட்ருக்காவ. அதான் மணல் இல்ல."

அவள் சொன்னது சரி. நம்மூரில் பிடித்த மீனை அப்படியே வெயிலில் போடுவோம். இங்கே உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டுத்தான் காயவைக்கிறார்கள். கடித்த ஒரு மீனில் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மாமியார் அவளை முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

பக்கத்துக் கடையில் உப்புப் போட்ட சுறாத் துண்டுகளும் இருந்தன. தொம்பேகி. கியோங்சாங் பக்கம் முன்னோர் படையலுக்கு வைக்கும் மீன். அம்மாவுக்குக் கண் விரிந்தது. பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு. அதைச் செய்ய முடியாது என்பதுதான் அவள் ஊரிலிருந்து சுமந்து வந்த பெரிய குறை. தங்கச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணே, சுறாவுல பாதரசம் இருக்கும். பால் குடுக்குறவங்க தவிர்க்கணும்னு இருக்கு. அம்மாட்ட நீயே சொல்லு." சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மாமியாருக்கு எது புரிந்ததோ, கால் கிலோ வாங்கி அம்மாவின் பையில் போட்டுவிட்டு, தன்னையும் அம்மாவையும் என்னையும் விரலால் சுட்டினார். நாம் சாப்பிடுவோம். பிறகு ஒன்றரைக் கிலோ நெத்திலிப் பெட்டி ஒன்றையும் வாங்கினார்.

அன்று சாயங்காலம் ஹாலில் செய்தித்தாளை விரித்து மாமியார் நெத்திலியைக் கொட்டினார். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, உள்ளே கறுப்பாகக் காய்ந்திருக்கும் குடலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாறு கசக்கும். அம்மா கேட்கவே இல்லை. எதிரில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் கிள்ள ஆரம்பித்தாள். இரண்டு பேர் கையும் ஒரே வேகத்தில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அம்மா என்னிடம், "நாளைக்கு நா கொஞ்சம் வறுக்கட்டான்னு கேளு. வாசம் வரும்னு சொல்லிரு," என்றாள். தங்கச்சி உள்ளே இருந்தபடியே மொழிபெயர்த்தாள். மாமியார் எழுந்து போய், கிம்ச்சிக்கென்று தனியாக இருக்கும் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒரு ஜாடியைக் கொண்டுவந்து அம்மாவின் மூக்குக்குக் கீழே நீட்டினார். ஒரு வருஷமாக உப்பில் ஊறிக் கரைந்த நெத்திலி.

"ஆத்தாடி!" அம்மா பின்னால் சாய்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். மாமியாரும் சிரித்தார். உங்கள் வறுவல் இதைவிடவா நாறிவிடும் என்று அர்த்தம்.

நான் ஒரு கை நெத்திலியை அள்ளிக்கொண்டு தங்கச்சி அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து கிள்ளத் தொடங்கினேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்த மீம்," என்றேன். "நா போட்டது தப்பு."

"தெரியும்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே போன வாங்கிப் பாத்துட்டு என்ன எழுதியிருக்குன்னு கேட்டாரு. அண்ணன் வாழ்த்துச் சொல்லுதாம்னேன்." ஒரு நெத்திலியை எடுத்து அவளும் தலையைக் கிள்ளினாள். "நாய் எதுக்குன்னு கேட்டாரு. எங்க ஊர்ல நல்ல சகுனம்னேன். ஆறு மாசம் கழிச்சுத்தான் உண்மையச் சொன்னேன்."

என் கையில் இருந்த மீன் பொடிந்துவிட்டது.

"இன்னொண்ணு சொல்லவா? இங்க குழந்தை பிறந்து மூணு ஏழு, இருபத்தொரு நாள் வெளியாட்கள் வீட்டுக்குள்ள வரக் கூடாது. அந்தக் காலத்துல வாசல்ல வைக்கோல் கயிறு கட்டிருவாங்களாம். ஆம்பளப் பிள்ளைன்னா மிளகாய் சொருகி, பொம்பளப் பிள்ளைன்னா கரியும் பைன் கொத்தும். இப்ப நிறைய பேர் பாக்குறதில்ல. அத்தை பழைய ஆளு, பாப்பாங்க. நீங்க வந்தது இருபதாம் நாள். டிக்கெட் போட்டப்ப கணக்கு பிசகிருச்சு. ஒரு ராத்திரி ஹோட்டல்ல இருக்கச் சொல்லவான்னு அத்தைட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அவங்க வெளியாளா?'ன்னு கேட்டாங்க."

அவள் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மிச்ச மீன்களைக் கிள்ளி முடித்தோம். அந்தக் கசப்புக் கறுப்பு நகக்கண்ணில் இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மேஜையில் எல்லாம் இருந்தது. அம்மாவின் நெத்திலி வறுவல், தொம்பேகியில் செய்த சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு. மாமியாரின் நெத்திலிக் குழம்பு, தட்டு நிறைய இலைகள், மியோக்குக். தங்கச்சிக்குப் பாசி ஒரு கிண்ணம் மட்டும். டாக்டர் சொன்னதை முந்தின நாள் ராத்திரி மகன் ஒருவழியாகச் சொல்லியிருந்தார். சுறாப்புட்டு ஒரு கரண்டி மட்டும். இரண்டு அம்மாக்களுக்கும் ஆளுக்கு ஒரு தோல்வி. அதனால் சண்டையில்லை.

மாமியார் ஒரு இலையை உள்ளங்கையில் விரித்தார். அதில் கொஞ்சம் சோறு, இரண்டு நெத்திலி, ஒரு பூண்டுப் பல், கொஞ்சம் தோன்ஜாங் விழுது. நாலு பக்கமும் மடித்து உருண்டையாக்கி, மேஜைக்கு மேலே கையை நீட்டி, அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்தார். அவர்கள் வழக்கத்தில் பிரியமானவர்களுக்கு இப்படி ஊட்டுவது உண்டு. ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதியாகக் கடிக்கக் கூடாது.

அம்மா எங்களுக்கு உருட்டி ஊட்டியிருக்கிறாள். ஒரு சட்டியில் பிசைந்து சுற்றி உட்காரவைத்து ஊட்டியிருக்கிறாள். அவளுக்கு யாரும் ஊட்டி நான் பார்த்ததில்லை. ஒரு கணம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கன்னம் உப்ப மென்றாள். மென்று முடிக்க ரொம்ப நேரம் ஆனது. தண்ணீர் குடித்துவிட்டு, பூண்டுக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, நெத்திலி வைத்து உருட்டி எழுந்து நின்றாள்.

"இந்தாங்க மைனி. ஆ காட்டுங்க."

எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்களை மைனி என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவருக்குத் தெரியாது. ஆனால் 'ஆ' தெரிந்தது.

அம்மா ஜூலைவரை அங்கே இருந்தாள். நான் லீவு முடிந்து திரும்பிவிட்டேன். பெட்டியில் முக்கால் கிலோ நெத்திலி. வந்த ஞாயிற்றுக்கிழமை என் ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறுத்தேன். பிறகு குடும்பக் குழுவில் குழந்தை படம் ஒன்றைப் போட்டேன். அதன் கீழே எழுதினேன்: '2020இல் இதே இடத்தில் நான் ஒரு மீம் போட்டேன். அது அசிங்கம். அன்றைக்கு வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.' எல்லாரும் பார்த்தார்கள். பதில் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு சித்தப்பா மட்டும் கட்டைவிரலைத் தூக்கினார். படத்துக்கா, எழுத்துக்கா தெரியவில்லை. தங்கச்சி இன்னும் அந்தக் குழுவில் இல்லை. திரும்ப வா என்று நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை பூசானிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பின்னால் குழந்தை அழுகை, ஏதோ பொரியும் சத்தம், யாரோ ஜன்னலைச் சாத்தும் சத்தம். கொரியாவிலும் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டு நலம் விசாரிப்பது உண்டு, நம்மைப் போலவே.

"ஏலே, மைனி கேக்காவ. நீ சாப்ட்டியான்னு."